பத்துப் பன்னிரண்டு லட்சத்தில் பென்ஸும் பிஎம்டபிள்யூவும்: நெல்லைச் சீமையில் வாங்குவோர் பார்க்க வேண்டியவை

புதிதாக 40 லட்சம் ரூபாய் அளவில் விற்ற பிஎம்டபிள்யூ 3 சீரிஸோ பென்ஸ் சி கிளாஸோ பத்து வயதை நெருங்கும்போது 8, 10 லட்சத்துக்குக் கிடைக்கிறது. புது எஸ்யூவி ஒன்றின் விலைக்கும் கீழே. இறங்குவது வண்டி விலைதான். அதன் கியர்பாக்ஸ், இன்ஜெக்டர், ஹெட்லைட் எல்லாம் 40 லட்சத்து வண்டிக்கு உரிய விலையிலேயே இருக்கும். கையில் 12 லட்சம் இருந்தால் 9 லட்சத்துக்கு மேல் வண்டி பார்க்காதீர்கள். மீதி 3 லட்சம் பேங்கில் இருக்கட்டும். அதில் ஒரு பங்கு முதல் மாதமே போகும்: இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், கியர்பாக்ஸ் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், வயதான பேட்டரி, சில வண்டிகளில் நாலு டயரும். மிச்சம், முதல் இரண்டு வருடத்துக்குள் வரக்கூடிய ஒரு பெரிய வேலைக்கு. முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டவர்கள் அந்த வேலை வரும் நாளில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். சந்தையில் மலிவாக நிற்கும் வண்டிகளில் கணிசமானவை அப்படி வந்தவை.

நம் பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு, தூரம். கம்பெனி ஸ்கேனர் வைத்து ஜெர்மன் வண்டியை முழுதாகப் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலும் மதுரை, இல்லையென்றால் திருவனந்தபுரம், அதையும் தாண்டி கோவை, கொச்சி என்றுதான் போக வேண்டியிருக்கிறது. பக்கத்தில் இருக்கும் மதுரையே 150 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே எந்தக் கோளாறு மதுரை வரை ஓட்டிப்போக விடும், எது வீட்டு வாசலிலேயே வண்டியை முடக்கிப்போடும் என்று பிரித்துப் பார்ப்பது சென்னைக்காரருக்கு அவ்வளவு முக்கியமில்லை, நமக்கு அதுதான் முக்கியம்.

இரண்டாவது வகைக்கு நல்ல உதாரணம் டபிள்யூ 204 என்ற தலைமுறை பென்ஸ் சி கிளாஸின் ஸ்டியரிங் லாக். உள்ளே இருக்கும் சின்ன மோட்டார் தேய்ந்து நின்றுவிட்டால் சாவி நுழையும், திரும்பாது. டாஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது. ஸ்டியரிங்கும் பூட்டியபடியே நிற்கும். புதிதாகப் போடும் பாகத்தை வண்டியின் சாவி முறையோடு கம்ப்யூட்டர் வைத்துப் பொருத்த வேண்டும், தெரு மெக்கானிக்கால் ஆகாது. பார்க்கப் போகும்போது சாவியை நுழைத்துக் காதைக் கொடுத்துக் கேளுங்கள்: 'சர்ர்' என்று ஒரே மூச்சில் லாக் விடுபட்டால் நல்லது. தயங்கியோ இரண்டாம் முறையிலோ விடுபட்டால் விலை பேசும்போது அந்தச் செலவைக் கழியுங்கள். முன்னமே, லாக் சரியாக இருப்பதாக வண்டிக்குக் காட்டும் எமுலேட்டர் போட்டு அந்த மோட்டாரின் தேவையையே நீக்கியிருந்தால் அது வண்டிக்குக் கூடுதல் மதிப்பு.

எந்த வண்டி என்று கேட்டால் என் கணிப்பு இது. மெக்கானிக்குகளுக்கு நன்றாகப் பழகிய டீசல்கள் பாதுகாப்பானவை: பிஎம்டபிள்யூ 3 சீரிஸின் எஃப் 30 தலைமுறை 320டி, 2011-க்குப் பிந்திய டபிள்யூ 204 சி220 சிடிஐ, ஸ்கோடா சூப்பர்ப் 2.0 டீசல். வருடத்துக்குப் பத்தாயிரம் கிலோமீட்டரும் ஓடாதவர், ரிப்பேர் தொல்லையே வேண்டாம் என்பவர் டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட் பார்க்கலாம். அதற்கு சர்வீஸ் திருநெல்வேலியிலேயே உண்டு. கேம்ரியில் பார்க்க வேண்டியது பின்பக்கம் இருக்கும் பெரிய பேட்டரியும் அதற்குக் காற்று போகும் வழியும். தூசி அடைத்த காற்றுவழி பேட்டரியைச் சூட்டிலேயே கொன்றுவிடும்.

தவிர்க்க வேண்டியவற்றைத் தயங்காமல் சொல்லலாம். ஏர் சஸ்பென்ஷன் உள்ள பழைய பென்ஸ் எஸ் கிளாஸ், பென்ஸ் ஜிஎல், ஆடி க்யூ7 மூன்றும் இந்தப் பட்ஜெட்டுக்கு ஆகாது. ரப்பர் ஏர் பை வெயிலில் வெடித்துக் காற்று கசியும். கசிவை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடி அதுவும் எரியும். இரண்டுக்கும் சேர்த்துச் செலவு. முன்சக்கர டிரைவ் ஆடி ஏ4-இன் பழைய மல்டிட்ரானிக் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரித்து மாட்டத் தெரிந்தவர் தென் தமிழ்நாட்டில் அரிது. 2012-ஐ ஒட்டிய காலம் வரை வந்த ஆடி 1.8, 2.0 டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் பிஸ்டன் ரிங் வழியாக ஆயில் குடிக்கும். சூப்பர்ப் 1.8 பெட்ரோலின் 7 கியர் டிஎஸ்ஜி (இரட்டை கிளச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்) உலர் கிளச் வகை. நகர நெரிசலில் சூடேறி கிளச்சும் கியரை மாற்றும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டும் போகும். டீசலில் இருக்கும் 6 கியர் டிஎஸ்ஜி ஆயிலில் மூழ்கிய கிளச், 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றியிருந்தால் நீண்ட நாள் உழைக்கும். ஒரே பெயர் பலகை, ஒரே வருடம், இரண்டு வேறு விதி.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில்தான் கேட்க வேண்டும். காலையில் வருகிறோம், அதுவரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முதல் ஸ்டார்ட்டின் சத்தத்தை நம்மிடம் மறைக்கிறார்கள் என்றே கொள்ள வேண்டும். எஃப் 30-இன் முதல் சில வருட 320டி-யில் இருப்பது என்47 இன்ஜின். அதன் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயின் தளர்ந்தால் குளிர் ஸ்டார்ட்டில் பின்பக்கத்திலிருந்து கரகரப்பு வரும். 1,500-இலிருந்து 2,000 ஆர்பிஎம் வரை மெதுவாக ஏற்றினால் உரசும் சத்தம் கூடவே ஏறும். செயின் மலிவு, அதை எட்ட இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்குவதுதான் செலவு. கவனிக்காமல் விட்டு அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போகும். 2018-இல் இஜிஆர் கூலர் (இன்ஜினுக்கே திரும்பிப் போகும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) கசிவுக்காகப் பல நாடுகளில் பிஎம்டபிள்யூ டீசல்களைத் திரும்ப அழைத்தார்கள். சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, பார்க்கும் வண்டிக்கு அந்த வேலை பாக்கியிருக்கிறதா என்று கம்பெனி சர்வீஸில் கேட்கலாம். கூலன்ட் அளவு குறைந்துகொண்டே போய், வெளியே எங்கும் ஈரம் தெரியவில்லை என்றால் சந்தேகிக்க வேண்டிய முதல் இடம் அந்தக் கூலர்.

பென்ஸ் சிடிஐ என்றால் இன்ஜின் மேல்மூடியைக் கழற்றி இன்ஜெக்டர்களின் அடியைப் பாருங்கள். கருந்தார் போல இறுகிய படிவு இருந்தால் அடியில் உள்ள செப்பு வாஷர் கசிகிறது. வாஷர் அற்ப விலை. ஆனால் எரிந்த புகை அந்த இடுக்கில் படிந்து இறுகினால் இன்ஜெக்டர் ஹெட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிடுங்கும்போது உடைந்தால் ஹெட்டையே இறக்க வேண்டும். ஸ்கேனரில் நான்கு இன்ஜெக்டரின் திருத்த அளவுகளையும் ஐடிலில் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மற்ற மூன்றிலிருந்து விலகி நின்றால் அதுதான் அடுத்த செலவு.

கியர்பாக்ஸ் சோதனைக்கு நம் ஊரே தோதான இடம். மாலை நேரத்தில் டவுனில் நெல்லையப்பர் கோயில் ரத வீதிகளை ஊர்ந்தபடி ஒரு சுற்று வாருங்கள். டிஎஸ்ஜியில் கோளாறு இருந்தால் முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் நடுவே வண்டி நடுங்கும். ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுங்கள்: பின்னே உருளக் கூடாது, குதித்தும் பாயக் கூடாது. பிறகு நாலு வழிச் சாலையில் நாங்குநேரி வரை ஓட்டிச் சூடேற்றித் திரும்புங்கள். நன்றாகச் சூடான பிறகு நிறுத்திவிட்டு டி-யிலிருந்து ஆர்-க்கு மாற்றிப் பாருங்கள். ஒரு நொடிக்கு மேல் தாமதம், தொடர்ந்து ஒரு உதை என்றால் கியர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ் பாடியில் பிரச்சினை இருக்கலாம். பென்ஸின் 7 கியர் பெட்டியில் உள்ளே இருக்கும் மின்தட்டு (கன்டக்டர் பிளேட்) போவது வழக்கம். அதையும் அதனோடு சேர்ந்த கன்ட்ரோல் யூனிட்டையும் வேறு வண்டியிலிருந்து எடுத்து அப்படியே மாட்ட முடியாது. திருட்டுத் தடுப்புக்காக அந்தந்த வண்டியோடு கோட் செய்யப்பட்டவை. சென்னைப் புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

பிஎம்டபிள்யூவின் இசட்எஃப் 8 கியர் பெட்டி நல்ல உழைப்பாளி. ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம் என்பது விற்பவர் பேச்சு. கியர்பாக்ஸ் செய்த இசட்எஃப் கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அடியில் உள்ள பிளாஸ்டிக் பேனும் ஃபில்டரும் ஒரே பாகம், ஆயிலோடு சேர்த்தே மாறும். அளவு பார்ப்பது இன்ஜின் ஓடும்போது, கியர்பாக்ஸ் ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது. சூடேறிய ஆயில் விரிந்து மேலே நிற்கும். அப்போது அளவு பார்த்து மூடினால் உள்ளே ஆயில் குறைவாகத் தங்கும். ஆயில் மாற்றிய பிறகுதான் கியர் கெட்டது என்று சொல்லப்படும் சில வண்டிகளின் உண்மைக் காரணம் இது. ஸ்கேனரில் வெப்பநிலை பார்க்காமல் ஆயில் ஊற்றும் ஒர்க்ஷாப்பில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இனி வெள்ளம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது ஜங்ஷன், மீனாட்சிபுரம், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைப் பகுதிகளில் நின்ற வண்டிகள் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம், ஏரல் பக்கம் நீர் வடியவே நாளாயிற்று. அதே மாதத் தொடக்கத்தில் சென்னையில் மிக்ஜாம் புயல், அதற்கு முன் 2015 சென்னை, 2018 கேரளம். இந்த நான்கிலும் நனைந்த சொகுசு வண்டிகள் துடைத்து, பாலிஷ் போட்டு, கைமாறித் திரிகின்றன. "அண்ணாச்சி, தண்ணி டயர் வரைக்குந்தான் வந்துச்சு" என்று ஒருவர் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். இந்த வண்டிகளில் பல கன்ட்ரோல் யூனிட்களும் கனெக்டர்களும் சீட்டுக்கு அடியிலும் தரைவிரிப்பின் கீழும் டிக்கியின் பக்கவாட்டுக் குழிகளிலும் இருக்கின்றன. தரைவிரிப்பு நனைந்தாலே போதும். ஈரம் ஏறிய கனெக்டர் ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துப் பச்சை பூத்து, ஒரு நாள் ஏர்பேக் விளக்கு, அடுத்த நாள் கியர் எச்சரிக்கை என்று காட்டத் தொடங்கும். அதைத் தேடிச் சரிசெய்யும் கூலி பாகத்தின் விலையைத் தாண்டும்.

கண்டுபிடிக்க முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். சுருளின் உட்பகுதியை யாரும் கழுவுவதில்லை. வண்டல் கோடு அங்கேதான் மிஞ்சும். சீட்டை முன்னே பின்னே தள்ளி அடித்தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துரு பாருங்கள். முன் கதவோர பீடிங்கைத் தூக்கி, தரைவிரிப்பின் அடியில் உள்ள ஃபோமைக் கையால் அழுத்துங்கள். ஈரமோ, காய்ந்த வண்டலின் நறநறப்போ இருக்கக் கூடாது. டிக்கியின் தரைப் பலகையைத் தூக்கி பேட்டரிக் குழியைப் பாருங்கள். ஃப்யூஸ் பெட்டியில் நாலைந்து ஃப்யூஸைப் பிடுங்கி அதன் கால்கள் பளபளவென்று இருக்கின்றனவா என்று பாருங்கள். காருக்குள் கனத்த வாசனைத் திரவியம் அடித்திருந்தால் ஏசியை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, பத்து நிமிடம் வெயிலில் விட்டுப் பிறகு முகர்ந்து பாருங்கள். பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் வாங்கிப் படியுங்கள்: ஒரே உரிமையாளரிடம் நோ கிளெய்ம் போனஸ் 35, 45 சதவீதம் என்று ஏறி வந்து, 2024 புதுப்பித்தலில் சைபராகியிருந்தால் அதற்கு முந்தைய பாலிசி வருடத்தில் கிளெய்ம் நடந்திருக்கலாம். எதற்கு என்று கேளுங்கள்.

வெள்ளம் இல்லாமலும் நீர் புகும் வழி சன்ரூஃப். அதன் நாலு மூலை வடிகுழாய்களில் வேப்பிலையும் புளியிலையும் அடைத்தால் மழைநீர் தூண் வழியாக உள்ளே இறங்கித் தரைவிரிப்பின் கீழ் தேங்கும். சன்ரூஃபைத் திறந்து மூலையில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள். சில நொடிகளில் சக்கரத்தின் பின்னே சொட்ட வேண்டும்.

கடலோர வண்டி என்றால் உவரி, கூடங்குளம், திருச்செந்தூர்க் காற்று அடிப்பகுதியில் வேலை செய்திருக்கும். லிஃப்டில் ஏற்றி பிரேக் பைப்புகள், சப்ஃபிரேம் போல்ட்டுகளைப் பாருங்கள். முன்னே ஏசி கண்டென்சரின் அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டால் பொடியாக உதிர்ந்தால் அடுத்த கோடைக்குள் கேஸ் போகும். வள்ளியூர், பணகுடி, ராதாபுரம் வழி ஓடியதற்கு ஆடிக்காற்றின் புழுதி சாட்சி: முன் கண்ணாடியில் பொடிப்பொடியாகக் குழிகள், ஏர் ஃபில்டரில் சிவப்பு மண். வயலோர வீடுகளில் நின்ற வண்டியில் எலி கடித்த வயரை இன்சுலேஷன் டேப் சுற்றி மறைத்திருப்பார்கள். பானட்டுக்குள் புது டேப் தெரிந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

கிலோமீட்டரை மீட்டரை வைத்து நம்பக் கூடாது. ஆயிரம் ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனர் இன்ஜினின் கோளாறு எண்களை மட்டும் படிக்கும். பென்ஸுக்கு ஸென்ட்ரி, பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, ஆடி ஸ்கோடாவுக்கு விசிடிஎஸ் அல்லது ஓடிஸ் என்ற ஸ்கேன் மென்பொருள் வைத்திருப்பவரிடம் கொண்டுபோய் எல்லா கன்ட்ரோல் யூனிட்டையும் படிக்கச் சொல்லுங்கள். பல யூனிட்கள் கிலோமீட்டரைத் தனியே பதிந்து வைத்திருக்கும். பிஎம்டபிள்யூவில் சாவிக்குள்ளும் இருக்கும். மீட்டர் 68,000 காட்டி, கியர்பாக்ஸில் பதிந்த பழைய கோளாறு 1,10,000-இல் வந்ததாக இருந்தால் பேச்சே இல்லை. கோளாறு எண்களை அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு அளவு உண்டு. அது 15, 20 கிலோமீட்டர் மட்டும் என்றால் நீங்கள் வருவதற்காகவே அழித்திருக்கிறார்கள். இந்த ஸ்கேனுக்காக மதுரை வரை வர விற்பவர் மறுத்தால், செலவு முழுவதையும் நீங்கள் ஏற்பதாகச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் அந்த வண்டி வேண்டாம்.

விபத்துக்கு எல்லாக் கண்ணாடிகளின் மூலையிலும் அச்சிட்ட வருட எண்ணை ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் பிந்தியதென்றால் அந்தப் பக்கம் டிங்கரிங், பட்டி வேலை தேடுங்கள். டயரின் நாலு இலக்க எண் வாரமும் வருடமும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். ஆறு வருடம் கடந்த டயர், பட்டன் இருந்தாலும் மாற்ற வேண்டியதே. பல பிஎம்டபிள்யூவில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃபிளாட் டயர்தான், சாதாரண டயரைவிட விலை கூடுதல். பழைய பெட்ரோல் வண்டியென்றால் இப்போது பங்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலை அந்த மாடல் ஏற்குமா என்று டேங்க் மூடியின் உட்புற ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் பாருங்கள்.

காகிதத்தில் கவனம் வெளிமாநில வண்டிக்கு. 10 வருடம் தாண்டும் டீசல்களுக்கு டெல்லியில் 2015-லிருந்து இருந்துவந்த நெருக்கடியால் அங்கிருந்து மலிவாக வந்தன. புதுச்சேரி எண் வண்டிகளும் வரும். இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு கட்டாயம். அதற்கு முந்தைய ஆர்டிஓ-வின் என்ஓசி (படிவம் 28), புது எண்ணுக்குப் படிவம் 27, பிறகு ஆயுள் வரி. 20 லட்சத்துக்கு மேல் விலையுள்ள புதுக் காருக்கு 2023 நவம்பரிலிருந்து ஆயுள் வரி 20 சதவீதம். பழைய வண்டிக்கு வயதுக்கேற்பக் குறையும், ஆனால் கணக்கு தொடங்குவது வண்டியின் முதல் விலையில், நீங்கள் கொடுத்த 8 லட்சத்தில் இல்லை. டெல்லியில் மிச்சப்படும் தொகை பெரும்பாலும் இதிலும் லாரி வாடகையிலும் போய்விடும். நம் பக்கத்து டிஎன் 72, 76, 69, 74 எண் வண்டிகள் அரை லட்சம், ஒரு லட்சம் கூடுதலாக இருந்தாலும் எனக்கு அவையே மேல். பழைய உரிமையாளரையும் பார்த்த மெக்கானிக்கையும் நேரில் விசாரிக்க முடியும்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30; லோன் இருந்தால் பேங்க் என்ஓசியோடு படிவம் 35. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அரசின் பரிவாகன் இணையதளத்தில் அடமானமும் பாக்கி அபராதமும் பாருங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. இரண்டு சாவியும் கைக்கு வர வேண்டும்; இரண்டாவது சாவி இல்லையென்றால் புதுச் சாவியை வண்டியோடு கோட் செய்யும் செலவைக் கழித்தே விலை.

வாங்கியபின் முதல் ஆயில் மாற்றத்தில் டீசல் பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப் 04, பென்ஸுக்கு 229.51 அல்லது 229.52 தர முத்திரை உள்ள ஆயில் மட்டும். 320டி-க்கு 5.2 லிட்டர், சி220-க்கு 6.5 லிட்டர் பிடிக்கும். அடுத்தடுத்த மாற்றங்களை 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலோ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பிஎம்டபிள்யூவில் பேட்டரி மாற்றினால் ஏஜிஎம் வகையே போட்டு, ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரிக்குச் செய்வதுபோலவே சார்ஜ் ஏற்றிப் புதியதையும் சீக்கிரம் கெடுக்கும். சஸ்பென்ஷன் புஷ், ஆர்ம், ஃபில்டர் எல்லாம் கம்பெனிப் பெட்டியில் வாங்க வேண்டியதில்லை; லெம்ஃபோர்டர், சாக்ஸ், மான், மாலே, போஷ் பெயரில் வருபவை அதே தரம், விலை குறைவு. 2020 ஏப்ரலுக்குப் பிந்திய பிஎஸ்6 டீசல் என்றால் வாரம் ஒருமுறையாவது நாலு வழிச் சாலையில் அரை மணி நேரம் சீராக ஓட்டுங்கள். பாளையங்கோட்டைக்கும் டவுனுக்கும் மட்டும் ஓடினால் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப்பில் கரி அடைக்கும். பிஎம்டபிள்யூ, பென்ஸ் போன்ற பின்சக்கர டிரைவ் ஆட்டோமேட்டிக் வண்டியை முன்சக்கரம் தூக்கி இழுக்கும் ரெக்கவரி வண்டி கூடாது. பிளாட்பெட் லாரி வைத்திருப்பவரின் நம்பரை முதல் வாரத்திலேயே விசாரித்து, மதுரைக்கு என்ன வாடகை என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.